தண்ணி தூக்குறதையே ஒரு மணி நேரம் காட்டுவாங்களா?

குடும்பத்தையும் நண்பர்களையும் ஆட்சியாளர்களிடம் பறிகொடுத்த ஒரு மாணவன். காயத்தோடு ஓடி, காய்கறிகளுக்குள் ஒளிந்து, மலைமேல் இருக்கும் ஒரு புத்த மடத்துக்கு வந்து விழுகிறான். அவன் கேட்பது ஒன்றுதான்: எனக்குச் சண்டை சொல்லிக்கொடுங்கள்.

நம் ஊர்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு பாட்டு வரும். பாட்டு முடியும்போது பையன் வீரனாகி மலையை விட்டு இறங்கியிருப்பான். 'அண்ணாமலை' ரஜினி ஒரே பாட்டில் பால்காரரிலிருந்து பணக்காரராக உயர்ந்தபோது விசிலடித்த ஊர் இது. அதில் தப்பொன்றும் இல்லை, அது ஒரு வகை சந்தோஷம்.

ஆனால் இந்தப் பையனுக்கு மடத்தில் கிடைப்பது துடைப்பம். ஒரு வருடம் பெருக்குகிறான். அதற்குப் பிறகுதான் பயிற்சி என்ற பேச்சே வருகிறது.

1978-ல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' படத்தின் கதை இது. அமெரிக்காவில் 'மாஸ்டர் கில்லர்' என்ற பெயரில் ஓடியது. குங்ஃபூ படங்களின் பட்டியலை யார் போட்டாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த வூ-டாங் கிளான் என்ற ராப் குழு, 1993-ல் வந்த தன் முதல் ஆல்பத்தின் பெயரிலேயே '36 சேம்பர்ஸ்' என்று சேர்த்துக்கொண்டது. குவென்டின் டரன்டினோ, 'கில் பில்' படத்தின் இரண்டு பாகங்களிலும் இந்தப் படத்தின் நாயகன் கோர்டன் லியுவை இரண்டு வெவ்வேறு வேடங்களில் நடிக்க வைத்தார்.

பெருமையெல்லாம் சரி. ஆனால், முப்பது நொடி ரீல்ஸ் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளையை இதன் முன்னால் உட்கார வைக்க முடியுமா? கிட்டத்தட்ட இரண்டு மணி நேரப் படம் இது. இன்றைய கண்ணுக்குச் சிரிப்பு வரவழைக்கும் விஷயங்கள் இதில் நிறையவே இருக்கின்றன.

முதலில் ஜூம். யாராவது அதிர்ச்சி அடைந்தால் கேமரா அவர் முகத்தை நோக்கிப் பாய்கிறது. கோபப்பட்டாலும் பாய்கிறது. அடுத்து சத்தம். அடி விழுவதற்கு முன்பே காற்றைக் கிழிக்கும் 'விஷ்க்', விழுந்ததும் ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போல 'டப்'. அன்றைய ஷா பிரதர்ஸ் படங்களில் வசனங்களைப் படப்பிடிப்புக்குப் பிறகுதான் மாண்டரின் மொழியில் குரல் சேர்ப்பார்கள். அதனால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ரத்தம் பெயின்ட் டப்பாவிலிருந்து வந்தது போலப் பளபளக்கிறது. ஒட்டுத்தாடிகள் ஒட்டுத்தாடிகளாகவே தெரிகின்றன. தெருக்களும் வீடுகளும் ஸ்டுடியோ செட் என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். உண்மையான ஷாவ்லின் மடம் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் இருக்கிறது. அங்கேயே போய் எடுத்த படம் என்றால் 1982-ல் ஜெட் லீ அறிமுகமான 'ஷாவ்லின் டெம்பிள்'தான்.

கதை தொடங்கும் விதமும் இன்றைக்குக் கொஞ்சம் சுமைதான். மஞ்சு இனத்தவரின் சிங் ஆட்சி சீனாவில் கால் ஊன்றிய காலம், அதை எதிர்க்கும் ரகசியக் குழு, அதில் சேரும் மாணவர்கள் என்று முதல் அரை மணி நேரம் ஓடுகிறது. வில்லனாக வரும் லோ லியே நல்ல நடிகர். அவருக்கு இங்கே கொடுத்திருக்கும் வேலை முறைப்பது மட்டும்தான்.

ஷாவ்லின் என்றதும் தமிழ் வாசகருக்குப் போதிதர்மர் ஞாபகம் வராமல் இருக்காது. '7ஆம் அறிவு' வந்த 2011-க்குப் பிறகு அவரைக் காஞ்சிபுரத்துக்காரர் என்று சின்னப் பிள்ளைகளும் சொல்கின்றன. தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. பாரசீகத்திலிருந்து வந்தவர் என்று அதைவிடப் பழையதாகக் கருதப்படும் இன்னொரு குறிப்பு சொல்கிறது. குங்ஃபூவை அவரோடு இணைக்கும் கதை தலைகாட்டுவது 17-ம் நூற்றாண்டில், அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடங்கள் கழித்து. இந்தப் படத்தின் பலம் அந்தக் கதையில் இல்லை என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம்.

பலம் எங்கே இருக்கிறது என்பது சென்னைப் புறநகரில் ஒரு வீட்டில், ஒரு ஞாயிறு மதியம் தெரிந்தது. போட்டவர் தாத்தா. இளவயதில் தியேட்டரில் பார்த்த படம். உட்கார வைக்கப்பட்டவள் பதிமூன்று வயதுப் பேத்தி. இரண்டு மாதம் சிலம்ப வகுப்புக்குப் போய்விட்டு நின்றுவிட்டவள். நின்றதற்கு அவள் சொன்ன காரணம், "கம்பையே கையில தர மாட்றாங்க. தினமும் காலடி வரிசை, காலடி வரிசைன்னு நடக்க விடறாங்க." கட்டிய பணம் போனதில் அம்மாவுக்கு வருத்தம். தாத்தாவுக்கு வேறு வருத்தம். ஆக, இந்தப் படத்தை அவர் எதற்காகத் தேர்ந்தெடுத்தார் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

பேத்தி முதல் அரை மணி நேரம் சிரித்தாள். ஜூம் வரும்போதெல்லாம் தானும் கண்ணை அகல விரித்துக் காட்டினாள். பாதிக் கண் போனில் இருந்தது.

படத்தில் பையனின் பெயர் இப்போது சான் டே. மடத்தில் முப்பத்தைந்து பயிற்சிக்கூடங்கள் உண்டு, எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்கிறார்கள். நம் ஆளுக்கு அவசரம். நேரே உச்சிக் கூடத்துக்குப் போகிறான். அங்கே வயதான துறவிகள் உட்கார்ந்து சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. எதிரே போய் நின்றவனை மூத்த துறவி எழுந்துகூட வராமல் தூக்கியெறிகிறார். மறுபடி அடிக்கூடத்துக்கு வருகிறான்.

அடிக்கூடம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும் வழி. நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் மிதக்கும் ஒரு மரக்கட்டைக் கட்டு. மற்ற துறவிகள் அதன்மேல் ஒரு மிதி மிதித்து அக்கரைக்குத் தாவிப் போய்ச் சாப்பிட உட்காருகிறார்கள். சான் டே மிதித்தால் கட்டு புரள்கிறது, ஆள் தண்ணீருக்குள். நனைந்தவனுக்கு மண்டபத்தில் இடமில்லை. பசி. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தனியாக வந்து தாவித் தாவி விழுகிறான்.

பேத்தி போனைக் கவிழ்த்து வைத்தது இந்த இடத்தில்தான் என்பது தாத்தாவின் கணக்கு.

அடுத்தது தண்ணீர் சுமப்பது. இரண்டு கையிலும் வாளி; கைகளை இறக்கை போல நீட்டிப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏற வேண்டும். கை தாழ்ந்துவிடாமல் இருக்க, முழங்கைப் பக்கம் கத்திகளைக் கட்டிவிடுகிறார்கள். கை இறங்கினால் கத்தி விலாவில் குத்தும். அப்புறம் மணிக்கட்டுக்கு ஒரு கூடம்: நீளமான மூங்கிலின் நுனியில் கனமான சுத்தியல், அடியை மட்டும் பிடித்துக்கொண்டு தாளம் தப்பாமல் மணியை அடிக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்று: முகத்தின் இரண்டு பக்கமும் புகையும் ஊதுபத்திகள், எதிரே ஆடும் வெளிச்சம். தலையைத் திருப்பினால் கன்னம் சுடும், விழி மட்டும்தான் நகரலாம். பிறகு, வரிசையாகத் தொங்கும் மணல் மூட்டைகளைத் தலையால் முட்டிக்கொண்டே போக வேண்டிய கூடம்.

இப்படியே படத்தின் நடுவில் பெரும்பகுதி போகிறது. கதை நகரவில்லை, வில்லன் வரவில்லை, காதல் இல்லை, காமெடி என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு மனிதன் ஒரு வேலையைச் செய்ய முடியாமல் தவிக்கிறான், பிறகு செய்கிறான், அடுத்த வேலைக்குப் போகிறான். அவ்வளவுதான். இன்றைய பார்வையாளர் ஓட்டிவிட்டுப் பார்ப்பார் என்று பயப்பட வேண்டிய பகுதி இதுவே. ஆனால் நாற்பது, ஐம்பது வருடத்தில் தூசி படியாமல் நிற்பதும் இதுதான். சண்டைக்காட்சிகளுக்கு வயதாகியிருக்கிறது, பழிவாங்கும் கதைக்கு வயதாகியிருக்கிறது, தண்ணீர் வாளிக்கு வயதாகவில்லை.

காரணம் எளிது. வாளியில் தண்ணீர் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் கை நடுங்குவது தெரிகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த டிராகன்களையும் கயிற்றில் பறக்கும் நாயகர்களையும் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, ஒரு மனித உடம்பு களைத்துப் போவதைப் பார்ப்பது புதிதாக இருக்கிறது.

அந்த உடம்பும் வாடகைக்கு எடுத்த உடம்பு அல்ல. இயக்குநர் லாவ் கார்-லியுங்கின் அப்பா லாவ் சாம், லாம் சாய்-விங்கின் மாணவர். லாம் சாய்-விங் யார் என்றால், வாங் ஃபெய்-ஹுங்கின் சீடர். ஜாக்கி சானின் 'ட்ரங்கன் மாஸ்டர்', ஜெட் லீயின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் சைனா' இரண்டிலும் நாயகனாக வரும் அதே வாங் ஃபெய்-ஹுங்தான். கர்னாடக சங்கீதத்தில் சொல்வது போல, நேரான குரு பரம்பரை. 1951-ல் பிறந்த கோர்டன் லியுவும் லாவ் சாமிடம் கற்றவர். அந்தக் குடும்பத்தின் பிள்ளையாகவே ஆகி, அவர்கள் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டவர். அதாவது, கற்பிப்பதைப் பற்றிய இந்தப் படத்தை எடுத்தவரும் நடித்தவரும் ஒரே மனிதரிடம் அடி வாங்கிக் கற்றவர்கள். இப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி என்பது கதைக்கு நடுவே வரும் இடைவேளையாகத் தோன்றியிருக்க வழியில்லை.

கேமராவை வைத்த விதத்திலும் இது தெரியும். ஜூமைக் கழித்துவிட்டுப் பார்த்தால், முக்கியமான இடங்களில் லாவ் கேமராவைப் பின்னால் தள்ளி வைத்துவிடுகிறார். தலை முதல் பாதம் வரை ஆள் முழுதாகத் தெரிவார். வெட்டாமல் நீளமாக ஓடவிடுவார். இன்றைய பல சண்டைகளில் ஒரு குத்துக்கு மூன்று ஷாட் வருவதற்குக் காரணம் வேகம் மட்டும் அல்ல, குத்தத் தெரியாததை மறைப்பதும்தான்.

சரி, மற்ற பயிற்சிப் படங்கள்? 1976-ல் வந்த 'ராக்கி'யில் ஓடுவதும் குத்துவதும் படியேறுவதும் சில நிமிடப் பாட்டுக்குள் அடங்கிவிடும். அது நமக்குச் சிலிர்ப்பைத் தரும், நேரத்தைத் தராது. 1984-ல் வந்த 'கராத்தே கிட்' படத்தில் காருக்கு மெழுகு தேய்க்கவும் வேலிக்குப் பெயின்ட் அடிக்கவும் வைக்கும் கிழவர், தேய்த்த கையே தடுக்கும் கை என்று பிறகு காட்டிக்கொடுப்பார். அருமையான காட்சி. இருந்தாலும் அங்கே விளக்கம் வந்துவிடுகிறது. ஷாவ்லினில் பெரும்பாலும் விளக்கமே இல்லை. தண்ணீர் எதற்கு, மணி எதற்கு என்று யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்துவதில்லை. விழுந்தவனிடம் பொறுமை கடலினும் பெரிது என்று எந்தத் துறவியும் சொல்வதில்லை. இது தாத்தாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

ஏனென்றால், வாளிக் காட்சி முடிவதற்குள் பேத்தி கேட்டுவிட்டாள். "தண்ணி தூக்குறதையே ஒரு மணி நேரம் காட்டுவாங்களா தாத்தா?"

"பாரு, பாரு."

"எனக்குச் சிலம்பப் பாடம் எடுக்கத்தானே இதைப் போட்டீங்க?"

தாத்தா பதில் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள். "அப்பா, அவளுக்கு எல்லாம் தெரியும். சும்மா படம் பாருங்க."

அதற்கப்புறம் பேத்தி சொன்னதுதான் யோசிக்க வைப்பது. "இவனுக்காவது எந்த ரூம்ல என்ன கத்துக்கணும்னு ஒண்ணு இருக்கு. அது முடிஞ்சா அடுத்த ரூம். எங்க கிளாஸ்ல எப்ப முடியும்னே சொல்ல மாட்டாங்க."

சோம்பேறித்தனம் என்று பெரியவர்கள் பெயர் வைத்திருந்த ஒன்றுக்கு அவளிடம் வேறு விளக்கம் இருந்தது. கஷ்டம் அவளுக்குப் பிரச்சினை இல்லை. கஷ்டத்துக்கு ஒரு கதவும் அதற்கு அப்பால் இன்னொரு கதவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வீடியோ கேமில் லெவல் லெவலாக ஏறிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த முப்பத்தைந்து கூடங்கள் அந்நியமாக இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 1978-ல் தியேட்டரில் இருந்தவர்கள் இதைத் தவமாகப் பார்த்திருப்பார்கள். இவள் லெவலாகப் பார்க்கிறாள். படம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அவள் கேட்ட இன்னொரு கேள்விக்குப் படத்தில் இடமே இல்லை. "பொண்ணுங்களே இல்லையே?" உண்மைதான். கதையில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெண் பாத்திரம் கிடையாது. ஆண்கள் மடம் என்பது பாதிக் காரணம்தான். மடத்துக்கு வெளியேயும் இல்லையே. இன்று பார்க்கிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளோடு பார்க்கிறவர்களுக்கு, ஜூமை விடவும் டப்பிங்கை விடவும் இதுதான் உறுத்தும். பழைய படம், அந்தக் காலம் என்று மழுப்பவும் முடியாது, ஏனென்றால் இதே லாவ் கார்-லியுங் மூன்று வருடம் கழித்து, 1981-ல், 'மை யங் ஆன்ட்டி' எடுத்தார். அதில் காரா ஹுய்தான் எல்லாம். சண்டை, சிரிப்பு, கோபம் எல்லாவற்றிலும் ஆண்களைப் பின்னுக்குத் தள்ளி, முதலாவது ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகை விருதையும் வாங்கினார். தேடிப் பார்க்க வேண்டிய படம்.

மறுபடி சான் டேயிடம் வருவோம். எல்லாக் கூடங்களையும் முடித்தவனுக்கு ஒரு கூடத்தின் தலைமை கிடைக்க இருக்கிறது. கண்டிப்புக்குப் பொறுப்பான மூத்த துறவி ஒத்துக்கொள்ளவில்லை. என்னை ஜெயித்துக் காட்டட்டும் என்கிறார். லீ ஹோய்-சாங் நடித்த இந்தத் துறவி, இரண்டு கையிலும் குட்டைக் கத்தி ஏந்தி நிற்கும் ஒரு சுவர். சான் டே தோற்கிறான். திரும்ப வருகிறான், திரும்பத் தோற்கிறான். முப்பத்தைந்து கூடங்களில் கற்ற எதுவும் உதவாமல், கடைசியில் மூன்று துண்டுக் கழிகளைச் சங்கிலியால் கோத்த ஓர் ஆயுதத்தைத் தானே உருவாக்கிக்கொண்டு வருகிறான். படத்தின் ஆகச் சிறந்த சண்டை இதுதான். வில்லனோடு நடக்கும் கடைசிச் சண்டை இதன் பக்கத்தில் நிற்காது. இந்தச் சண்டையில் ஒருவர்மேல் ஒருவருக்குப் பகை இல்லை என்பதையும் கவனியுங்கள்.

வென்ற பிறகு, எந்தக் கூடம் வேண்டும் என்று தலைமைத் துறவி கேட்கிறார். இருக்கிற எதுவும் வேண்டாம், முப்பத்தாறாவது ஒன்று வேண்டும் என்கிறான் சான் டே. மடத்துக்கு வெளியே இருக்கும் சாதாரண ஜனங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் கூடம். வித்தை மதிலைத் தாண்டக் கூடாது என்பது மடத்தின் விதி. கேட்டதற்குத் தண்டனையாக அவனை வெளியே அனுப்புகிறார்கள். ஊருக்குள் போகச் சொல்லும் அந்தத் தண்டனை உண்மையில் தண்டனைதானா, அனுமதியா என்பதைத் தலைமைத் துறவியின் முகத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பழிவாங்க வந்தவன் வாத்தியாராக விரும்புகிறான். படத்தின் நிஜமான திருப்பம் இது. வித்தை யாருக்குச் சொந்தம், யாருக்குக் கற்றுத் தரலாம், யாருக்குக் கூடாது என்று கேட்கும் கேள்வி நமக்குப் புதிதல்ல. கட்டைவிரலை குருதட்சணையாக வாங்கிய கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே, இதற்குப் பின் வரும் பகுதி அவசர அவசரமாக ஓடுவது வருத்தமாக இருக்கிறது. மாவரைக்கும் ஆள் ஒருவன் உட்பட ஊர்க்காரர்கள் சிலர் வழியில் சான் டேயோடு சேர்கிறார்கள். வில்லன் கணக்கு தீர்கிறது. முப்பத்தாறாவது கூடம் எப்படி நடந்தது, வேலை முடித்து வந்த சாமானியன் எப்படிக் கற்றான் என்பதெல்லாம் இல்லை. கடைசியில் பயிற்சி நடப்பதைச் சற்று நேரம் காட்டிவிட்டுப் படம் முடிந்துவிடுகிறது. தண்ணீர் வாளிக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசி இதற்குக் கொடுத்திருந்தால்? 1980-லும் 1985-லும் வந்த தொடர்ச்சிப் படங்கள் வேறு பாதையில், பெரும்பாலும் சிரிப்பை நோக்கிப் போய்விட்டன.

படம் முடிந்ததும் பேத்தி போனில் தேடியது நடிகரைத்தான். கோர்டன் லியு 2011-ல் பக்கவாதத்தால் விழுந்தவர். சக்கர நாற்காலியில் இருக்கும் படங்களும் வந்தன. லாவ் கார்-லியுங் 2013-ல் காலமானார். வாளி தூக்கிய கைகளையும் நாற்காலியில் இருந்த கைகளையும் அவள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா எதுவும் சொல்லவில்லை. சிலம்ப வகுப்பைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஷா பிரதர்ஸின் பழைய படங்களை வாங்கிய செலஸ்டியல் பிக்சர்ஸ் நிறுவனம் அவற்றைச் சுத்தம் செய்து வெளியிட்டிருக்கிறது. அந்தப் பிரதியாகத் தேடுங்கள். மங்கலான பழைய ஆங்கில டப்பிங்கைவிட, மாண்டரின் ஒலியும் சப்டைட்டிலும் எவ்வளவோ மேல். அகலத்திரைக்காக எடுத்த படம் என்பதால் போனில் பார்த்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை போக, ஆட்கள் தீக்குச்சி அளவுக்குத்தான் தெரிவார்கள். வீட்டில் டிவி இருந்தால் அதில் போட்டுவிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் கொலைகள் உண்டு, மிகச் சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் அரை மணி நேரம் இழுத்தால், எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வரலாம். துடைப்பம் வருவதற்குள் திரும்பிவிடுங்கள்.